காட்டோரத்துக் கைக்கருவி

ஈப்போ என்னும் பெயரைப் பேருந்தின் நெற்றியிலும் கடைப் பலகையிலும் நாள்தோறும் கண்டு பழகிவிட்ட நமக்கு, அது ஒரு நஞ்சு மரத்தின் பெயர் என்பது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. பேராக் மலைச்சாரலில் நெடிதுயர்ந்து வளரும் அம்மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் பாலைத் தீயின்மேல் இறுகக் காய்ச்சி, தெமியார், செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் தங்கள் ஊதுகுழல் அம்பின் நுனியிலே பூசிவந்தார்கள். அந்தப் பால் இரத்தத்திலே கலந்தால் இருதயத் துடிப்பு நின்றுபோகும். மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வித்தை, பிரேசில் நாட்டு ரப்பர்க் கன்று இந்த மண்ணிலே ஊன்றப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே இங்கே இருந்தது என்பதையும், அந்தப் பால் ஓர் ஆயுதத்துக்காகவே எடுக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது, பின்னாளில் இதே மலையடிவாரத்தில் பால்மரம் வெட்டப் போன நம்மவர்கள் கையிலே என்ன ஆயுதம் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

காட்டுக்குப் போகிறவன் கையிலே என்ன கொண்டுபோக வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள கேள்விதான். அலாஸ்காவிலும் ராக்கி மலைத்தொடரிலும் பெருங்கரடி நடமாடும் காடுகளுக்குக் கால்நடையாகப் போகிறவர்கள், இடுப்பிலே சுமந்தால் பாரம் தெரியாததும், ஆபத்து நேரத்தில் கைக்குச் சட்டென்று எட்டுவதுமான கைத்துப்பாக்கி எது என்று இன்றும் தங்களுக்குள் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். பேராக்கிலும் கரடி உண்டு, புலி உண்டு, யானை உண்டு, இங்கேயும் அந்தக் கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலர் மனத்திலும் எழுந்திருக்கிறது. ஆனால் இங்கே அதற்குக் கிடைத்த விடைகளை மிருகம் மட்டும் தீர்மானிக்கவில்லை. யார் கையில் எது இருக்கலாம் என்பதை அதிகாரம்தான் தீர்மானித்தது என்பது என் அபிப்பிராயம். அந்தச் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஊதுகுழலிலிருந்து தொடங்குவதே முறை. மலாய் மொழியில் ‘சும்பிட்’ எனப்படும் அந்தக் குழல் ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று அதிகமான நீளமுடையது. ஆயினும் ஒரு சிறுவன்கூடத் தோளிலே சாய்த்துக்கொண்டு நாள் முழுவதும் நடக்கக்கூடிய அளவுக்கு இலகுவானது. மலையுச்சியில் வளரும் ஒருவகை மூங்கில், கணுவுக்குக் கணு இரண்டு மீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு வளர்வதால், உள்ளே முடிச்சே இல்லாத ஒரே குழாயாக அதை அறுத்தெடுக்க முடிகிறது. தைப்பிங்கில் பேராக் அரும்பொருளகத்தைப் பேணி வளர்த்த லியோனார்டு ரே என்பவரின் பெயரைத் தாவரவியலார் அந்த மூங்கிலுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பனை இனத்து ஓலை நரம்பைச் சீவிச் செய்த மெல்லிய அம்பு, மரத்தின் மேலே தாவும் குரங்கையும் அணிலையும் பறவையையும் சத்தமின்றி வீழ்த்தும். ஆனால் பாயும் புலிக்கு முன்னே அதனால் பயன் இல்லை, ஏனென்றால் நஞ்சு வேலை செய்ய நேரம் வேண்டும். பாயும் மிருகமோ நேரம் கொடுப்பதில்லை. இதைப் பூர்வகுடி மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஊதுகுழலை உணவுக்காக வைத்துக்கொண்டு, உயிரைக் காத்துக்கொள்ளக் காட்டின் அடையாளங்களைப் படிக்கும் கண்ணையும், இரவிலே அணையாத நெருப்பையும், கூட்டமாக நடக்கும் வழக்கத்தையும் நம்பினார்கள். இந்த வேறுபாடு முக்கியமானது. பின்னால் வந்தவர்களில் பலர் இதை உணரவில்லை.

பின்னால் வந்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் பர்ச். 1874-இல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கின் முதல் ஆங்கில ரெசிடெண்டாக வந்த அவர், 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில், ஆற்றிலே மிதந்த ஒரு குளியலறைக்குள் போனபோது, வாயிலிலே குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியுடன் ஒரு சீக்கியக் காவலரை நிறுத்திவிட்டே போனார். அவ்விடத்து மலாய்த் தலைவர் மகாராஜா லேலாவின் ஆட்கள் திரண்டு வந்தபோது காவலர் ஆற்றிலே குதித்துவிட்டார்; ஓலைத் தடுப்பின் வழியே பாய்ந்த ஈட்டிகள் பர்ச்சின் உயிரைக் குடித்தன. பேராக்கின் ஆங்கில ஆட்சிச் சரித்திரத்திலே முதன்முதலாக நம் கண்ணிலே படுகிற கைத்துப்பாக்கி, ஒரு முறையும் வெடிக்காமல் போன அந்தத் துப்பாக்கிதான். அது எந்த மிருகத்தை நினைத்தும் அங்கே நிறுத்தப்பட்டதன்று. மனிதரை அஞ்சியே நிறுத்தப்பட்டது. அந்த அச்சம் பின்னர் முக்கால் நூற்றாண்டுக் காலம் துரைமார்களின் இடுப்பை விட்டு அகலவில்லை.

இனி, கரடியைப் பற்றி. தமிழிலே கரடிக்கு எண்கு என்றும் உளியம் என்றும் பழம்பெயர்கள் உண்டு. தமிழகத்துக் குறிஞ்சி நிலத்திலே புற்றைப் பறித்துக் கறையான் தின்னும் கரடியைச் சங்கப் புலவர்கள் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். பேராக் காட்டின் கரடி வேறு இனம். மலாய்க்காரர்கள் அதைத் தேன் கரடி என்னும் பொருளில் ‘பெருவாங் மாடு’ என்பார்கள். உலகத்துக் கரடி இனங்களிலே மிகச் சிறியது இதுவே. நன்கு வளர்ந்த ஆண் கரடியும் 65 கிலோ எடையைத் தாண்டுவது அரிது. கன்னங்கரிய குட்டை மயிர், மார்பிலே பிறைபோல ஒரு மஞ்சள் திட்டு, தேனடையின் ஆழம் வரை எட்டும் 20, 25 சென்டிமீட்டர் நீள நாக்கு, மரப்பட்டையைப் பிளந்து கொசுத்தேனீக் கூட்டை எடுக்கும் வளைந்த நகங்கள் ஆகியவை அதன் லட்சணங்கள். இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டு 1821-இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸ்தான். அவர் வீட்டிலே குழந்தைகளோடு வளர்ந்த ஒரு கரடிக்குட்டி, சாப்பாட்டு மேசைக்கு வந்து மங்குஸ்தான் பழத்தைத் தவிர வேறு பழத்தைத் தொடாது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். குட்டியிலே அவ்வளவு சாதுவான இந்தப் பிராணி, காட்டிலே எதிர்பாராமல் மனிதன் அருகே வந்துவிட்டால், ஓட வழியில்லாத நிலையில் மூர்க்கமாகத் திரும்பும். அதற்குக் கண் மங்கல், மூக்குத்தான் கூர்மை, காற்று எதிர்த்திசையிலே அடித்தால் நம் வருகை அதற்குத் தெரிவதே இல்லை. கழுத்துத் தோல் தளர்ந்து கிடப்பதால், பிடரியைக் கவ்விய புலியின் வாயிலிருந்துகூட உடம்பைத் திருப்பிக் கடிக்க வல்லது. ஆகவே கரடியால் நேரும் ஆபத்து பெரும்பாலும் திடுக்கிடலினால் வரும் ஆபத்து. அது சில அடி தூரத்திலே, சில நொடிக்குள்ளே முடிந்துவிடும் விவகாரம்.

இந்தக் காட்டின் விளிம்பிலேதான் ரப்பர் வந்தது. 1877-இல் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரிலே தம் மாளிகைத் தோட்டத்தில் ஒன்பது கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்று இன்றும் அந்த ஊரிலே நிற்கிறது. காப்பியும் கரும்பும் நட்டுப் பார்த்த துரைமார்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு மாறியபோது, காடு வெட்டப்பட்டு, மலையடிவாரம் வரைக்கும் நிரை நிரையாக மரம் எழுந்தது. அந்த மரங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் மூலம் ஜனங்கள் கப்பலேறிப் பினாங்கிலே இறங்கினார்கள். காட்டை அழித்த இடத்திலே காட்டு மிருகங்கள் உடனே விலகிவிடவில்லை. தெலுக் இந்தானுக்குப் போகிற பாதையிலே ஒரு சிறு நினைவுப் பலகை உண்டு. 1894 செப்டம்பர் 17-ஆம் தேதி, தன் கூட்டத்தைக் காக்க ஓடும் ரயிலை எதிர்த்து மோதி, அதைத் தண்டவாளத்திலிருந்து இறக்கிவிட்டு மாண்ட ஒரு காட்டு யானை அங்கே புதைக்கப்பட்டிருப்பதாக அது சொல்கிறது. அந்தப் பலகையைப் படித்துவிட்டு நகர எனக்கு எப்போதும் மனம் வருவதில்லை.

துரைமார்கள் காட்டு மிருகத்துக்கென்று வைத்திருந்தது நீண்ட குழல் துப்பாக்கியும் வேட்டை ரைபிளும். இளங்கன்றுகளைத் தோண்டித் தள்ளும் பன்றிக் கூட்டத்துக்கு இரட்டைக்குழல் துப்பாக்கி. புலிக்கும் காட்டெருமைக்கும் ரைபிள். இடுப்பிலே தொங்கிய ரிவால்வரோ வேறு காரியத்துக்கு. முதல் உலகப் போரிலே ஆங்கிலச் சேனை சுமந்த வெப்லி ரிவால்வர் ஒரு கிலோவுக்கும் அதிக எடையுள்ளது. சுமக்கவும் குறிபார்க்கவும் அது சிரமம் என்று கண்டு, 1932-இல் அவர்கள் என்பீல்டு என்னும் சிறிய ரிவால்வருக்கு மாறினார்கள். அதன் எடை முக்கால் கிலோவைச் சற்றே தாண்டும். எடை குறைந்ததற்கு ஏற்ப வலிமையும் குறைந்தது: 12 முதல் 13 கிராம் எடையுள்ள அதன் குண்டு நொடிக்கு 200 மீட்டருக்கும் குறைவான வேகத்திலே போகும், அதே சேனையின் ரைபிள் குண்டோ நொடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்திலே பாய்ந்து, அதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான சக்தியோடு தாக்கும். திடுக்கிட்டுப் பாயும் ஒரு கரடியை அந்தச் சிறு ரிவால்வரால் ஒரே குண்டிலே நிறுத்துவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அந்த ரிவால்வர் மனிதருக்காகச் செய்யப்பட்டது. மனிதருக்காகவே தோட்டங்களுக்கும் வந்தது.

துரைக்கு இப்படி. துரைக்கு முன்னே எழுந்து, துரைக்கு முன்னே காட்டுக்குள் போனவர்களுக்கு? பொழுது விடியுமுன் லயத்து வாசலிலே பெரட்டு நடக்கும், கங்காணி பெயர் படிப்பார், கிராணி குறித்துக்கொள்வார். வெயில் ஏறுமுன் மரத்தின் உடம்பிலே ஈரம் நிறைந்திருக்கும் வேளையிலேதான் பால் நன்றாக வடியும் என்பதால், இருட்டோடு இருட்டாக மரத்தடிக்குப் போய்ச் சேரவேண்டும். நெற்றியிலே கட்டிய விளக்கின் வெளிச்சம் ஒரு மரத்துக்கு எட்டும். அடுத்த மரம் இருட்டிலே நிற்கும். ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரம். ஆளுக்கு ஒரு நிரையாகப் பிரிந்துவிட்டால், நிரையின் கடைசி மரத்துக்கு அப்பால் காடு; அந்தக் கடைசி மரத்தை வெட்டும்போது பால்வெட்டுகிறவரின் முகம் மரத்தைப் பார்த்திருக்கும், முதுகு காட்டைப் பார்த்திருக்கும். பெண்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அப்படியே நின்றார்கள். மலாய்க்காரர்கள் காட்டுக்குள்ளே புலியின் பெயரைச் சொல்லாமல் ‘தோக் பெலாங்’, அதாவது பட்டை போட்ட பாட்டனார், என்று மரியாதையாகச் சொல்வார்கள். தோட்டங்களிலே வளர்ந்த நம் பிள்ளைகளும் அந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் கையிலே இருந்தது பால்வெட்டுக் கத்தி ஒன்றுதான். சுங்கை சிப்புட் பக்கத்திலே, தோட்டம் போய் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஓர் இடத்தில் வாழும் ஒரு பாட்டி, பழைய சேலைத் துணியிலே சுற்றி வைத்திருந்த கத்தியை எடுத்து என் கையிலே கொடுத்தார். ஜெபோங் கத்தி என்று பெயர். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். மரப்பிடி அவருடைய உள்ளங்கைக்கு ஏற்பப் பள்ளம் விழுந்து வழவழத்திருந்தது. முனையிலே ஓர் இரும்பு நாக்கு வளைந்து, இரு விளிம்புகளும் கூடும் இடத்திலே கூர்மையாக மடங்கியிருக்கும். பட்டையின் மேலே அதைத் தன்பக்கமாக இழுத்தால் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவல் சுருண்டு விழும். அதற்குமேல் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும். இழுத்துச் சீவுவதற்கென்றே செய்த அந்தக் கருவியால் குத்தவும் முடியாது, ஓங்கி வெட்டவும் முடியாது. அதை என் கையிலே பிடித்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: மரத்துக்குக்கூடக் காயம் படக்கூடாது என்று செய்யப்பட்ட ஒரு கத்தியை மட்டும் கொடுத்துத்தான் நம் பாட்டிமார்களைப் புலிக்காட்டின் ஓரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

“இத வெச்சுக்கிட்டா பாட்டி, பயமில்லாம போனீங்க?” என்று கேட்டேன்.

“கத்தியா தம்பி காப்பாத்தும்?” என்றார் அவர். “பக்கத்து நெறையில ஆள் இருக்குங்கிற தைரியந்தான். நாலு மரத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்குவோம். பதில் வரலேன்னா வேலைய விட்டுட்டு ஓடுவோம்.”

கரடியை ஒரே ஒரு முறை பார்த்ததாகச் சொன்னார். விளக்கை அணைக்கிற நேரம்; நிரைக் கோடியிலே உளுத்துக் கிடந்த ஒரு கட்டையை ஏதோ பிறாண்டிக்கொண்டிருந்தது; லயத்து நாய் என்று நினைத்து அதட்டினாராம். அது பின்னங்கால்களிலே எழுந்து நின்றதும் நெஞ்சிலே மஞ்சள் தெரிந்தது. கத்திப் பிடியால் தகர வாளியை விடாமல் தட்டினார். அக்கம்பக்கத்து நிரைகளிலிருந்தும் வாளிச் சத்தம் எழுந்தது. கரடி நாலு காலிலே இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டது. “அதுக்கும் பயந்தானே தம்பி” என்று அவர் சொன்னபோது குரலிலே அந்தப் பிராணியின்மேல் ஒரு பரிவு இருந்தது. எடை குறைந்த ஆயுதம் எது என்று கேட்பவர்களுக்கு அந்தப் பாட்டியின் வாளியைக் காட்டலாம். எப்படியும் பால் சுமக்கக் கொண்டுபோக வேண்டிய வாளிதான், அதற்கென்று தனிப் பாரம் இல்லை.

ஓங்கிய ஆயுதம் ஒன்று தோட்டத்திலே இருக்கத்தான் செய்தது. ஆனால் அது மனிதர் கையிலே இல்லை. தோட்ட எல்லையிலே, பெரும்பாலும் காட்டைப் பார்த்தாற்போல, ஒரு பெரிய மரத்தடியிலே முனீஸ்வரரோ கருப்பரோ மதுரை வீரனோ அரிவாளை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். தமிழகத்துக் கிராமத்திலே ஏரிக்கரையையும் வயல் வரப்பையும் காத்த அதே தெய்வங்கள், கடல் கடந்து வந்து இங்கே புலிக்காட்டு எல்லையைக் காத்தன. தமக்கு மறுக்கப்பட்ட வாளைத் தம் சாமியின் கையிலே கொடுத்து, அந்தச் சாமியைத் தமக்கும் காட்டுக்கும் நடுவே நிறுத்திக்கொண்ட ஜனங்களின் மனத்தை நான் மிகுந்த மரியாதையோடு எண்ணிப் பார்க்கிறேன்.

1948 ஜூன் 16-ஆம் தேதி காலையிலே எல்லாம் மாறியது. சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்து மானேஜர் ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்திலேயே சுடப்பட்டார். சிறிது நேரத்துக்குள் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே ஜான் அலிசனும், அவருடைய இளம் உதவியாளர் இயான் கிறிஸ்டியனும் சுடப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அது 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. அதுவரையிலே அலங்காரமாகவோ வழக்கமாகவோ இருந்த ரிவால்வர், அன்று முதல் துரையின் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு மேசையிலே அது தட்டின் பக்கத்திலே கிடந்தது. இரவிலே தலையணைக்கு அடியிலே கிடந்தது. காரின் கதவுகளுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். பங்களாவைச் சுற்றி முள்வேலியும் மணல் மூட்டையும் வந்தன. ரிவால்வர் போதாது என்று ஸ்டென் துப்பாக்கியும் கார்பைனும் சேர்ந்தன. தோட்டக் காவலுக்கு விசேஷக் கான்ஸ்டபிள்கள் ஆயிரக்கணக்கிலே எடுக்கப்பட்டார்கள். அவர்களிலே மிகப் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள், ஆங்காங்கே சில தமிழ் இளைஞர்கள்.

பால்வெட்டுக்காரர்கள் கையிலே மட்டும் எதுவும் கூடவில்லை. இருந்ததிலே சில குறைந்தன. லயங்கள் முள்வேலிக்குள்ளே ஒதுக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டத்தினால் விடியுமுன் போகும் வழக்கமே பல இடங்களிலே நின்றது. காட்டிலே ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேரும் என்ற சந்தேகத்தினால், வேலைக்குப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவதற்கும் தடை வந்தது. வாசலிலே வாளியையும் கூடையையும் கவிழ்த்துப் பரிசோதித்தார்கள். அந்தப் பரிசோதனையிலே தப்பி, தினமும் உள்ளே போய் வெளியே வந்த இரும்பு பால்வெட்டுக் கத்தி ஒன்றுதான். இப்போது நிரைக் கோடியிலே முதுகுக்குப் பின்னால் இருந்த காட்டிலிருந்து வரக்கூடியது கரடியா, துப்பாக்கி ஏந்திய ஆளா என்று தெரியாது. அந்த ஆள் எந்தப் பக்கத்து ஆள் என்றும் தெரியாது. வந்தவர் அரிசி கேட்டால் கொடுப்பது குற்றம். கொடுக்காமல் இருப்பது ஆபத்து.

அந்த நாளிலே ஒரு தமிழன் கையிலே கைத்துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் ஓர் உதாரணத்தை வைத்திருக்கிறது. எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தவர். ஜப்பானியர் காலத்தில் இந்திய தேசிய இராணுவத்திலே பணியாற்றியவர். 1949-இல் சிலாங்கூர் ரவாங் பக்கத்திலே பிடிபட்டபோது அவரிடம் கைத்துப்பாக்கி ஒன்றும் குண்டுகளும் இருந்தன என்பது வழக்கு. அவசரகாலச் சட்டப்படி அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதற்கு மரண தண்டனை. இந்திய அரசாங்கம் கருணை காட்டும்படி கேட்டும் பயனில்லாமல், 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையிலே அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள், அவருக்குப் பின் சம்மேளனப் பொறுப்பிலே இருந்த பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கணபதி அந்தத் துப்பாக்கியை அதிகாரிகளிடம் ஒப்படைக்கவே எடுத்துப் போனார் என்று சொல்பவர்கள் உண்டு; அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. முக்கால் கிலோ இரும்பு ஒருவர் இடுப்பிலே இருந்தால் கடமை, இன்னொருவர் கையிலே இருந்தால் தூக்குக் கயிறு என்று ஒரே நாட்டிலே, ஒரே ஆண்டிலே இருந்தது. அந்த நிலையை நியாயம் என்று என் மனம் இன்றுவரை ஒப்பவில்லை.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீட்டு மனைகளாயின. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971-இல் வந்த கடுமையான துப்பாக்கித் தண்டனைச் சட்டமும் இந்த நாட்டிலே கைத்துப்பாக்கியைச் சாதாரண மனிதனுக்கு எட்டாப் பொருளாக்கிவிட்டன. இன்று அந்தத் தோட்டத்து ஜனங்களின் பேரப்பிள்ளைகள் விடுமுறை நாளிலே பையை முதுகிலே மாட்டிக்கொண்டு, தஞ்சோங் ரம்புத்தான் வழியாக, 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலைக்கு நடக்கிறார்கள். வன இலாகாவின் அனுமதிச் சீட்டுண்டு, வழிகாட்டி உண்டு, துப்பாக்கி கிடையாது. அதற்காக அவர்கள் குறைபட வேண்டியதில்லை. அலாஸ்காவிலே 1883 முதல் 2009 வரை கரடியும் துப்பாக்கியும் சந்தித்த 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட விஞ்ஞானிகள், துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் நேர்ந்த காயங்களிலே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று கண்டார்கள். அதே ஆராய்ச்சியாளர்கள் சிலர் அதற்கு முன்பு செய்த இன்னோர் ஆய்விலே, மிளகாய்த் தெளிப்பானைப் பயன்படுத்தியபோது நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கும் மேலாகப் பழுப்புக் கரடி தன் போக்கை மாற்றிக்கொண்டது என்று கண்டிருந்தார்கள். அந்த நாட்டுக் கரடியின் எடை நம் கரடியைப்போலப் பல மடங்கு. அங்கேயே அப்படியானால், பேசிக்கொண்டே கூட்டமாக நடப்பதும், வளைவிலே கைதட்டுவதும், உளுத்த கட்டையையும் புதிய நகக்கீறலையும் கண்டால் நின்று கவனிப்பதும் இங்கே போதுமான காவல். கரடியும் இப்போது 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தினாலே முழுப் பாதுகாப்புப் பெற்ற பிராணி. மலாயாப் புலியோ காட்டிலே 150-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது.

அந்தக் காலத்துத் துரைமார்களின் ரிவால்வரைப் பற்றி அவர்களே எழுதிய நூல்கள் ஏராளம். ஊதுகுழலும் ஈட்டியும் தைப்பிங் அரும்பொருளகத்திலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பால்வெட்டுக் கத்தியோ பெரும்பாலும் வீட்டுப் பரணிலே, பழைய துணிக்குள்ளே துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைப் பிடித்த கை போனபின் அது யாருடையது என்று சொல்லவும் ஆள் இராது. ஆகவே, பேராக்கின் பழைய தோட்டத்துக் குடும்பங்களிலே பிறந்தவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. உங்கள் வீட்டிலே அப்படி ஒரு கத்தி இருந்தால், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தோட்டத்தின் பெயர், வெட்டியவரின் பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, நிரை காட்டோரமா உள்ளேயா என்பதை ஒரு சீட்டிலே எழுதி, பிடியிலே கட்டி வையுங்கள். பாட்டி உயிரோடிருந்தால் இன்றே கேட்டு எழுதுங்கள்.